சரிவு மனையில் வீடு: மண் அடித்து அதன்மேல் கட்டுவதா, அசல் தரைவரை இறங்குவதா?

கோத்தகிரி, குன்னூர், ஏற்காடு, கொடைக்கானல் என்று மலையில் மனை வாங்கியவருக்கு மேஸ்திரியிடமிருந்து கிடைக்கும் முதல் ஆலோசனை பெரும்பாலும் இதுதான்: "ஆறேழு அடிதான் சார் பள்ளம். மண் அடிச்சு லெவல் பண்ணிட்டா சமதளத்துல கட்டுற மாதிரியே கட்டிடலாம்." பல வீடுகள் அப்படித்தான் எழும்பியிருக்கின்றன. சில இருபது வருடமாக ஆடாமல் நிற்கின்றன. சிலவற்றில் இரண்டாவது மழைக்காலத்திலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. இரண்டும் ஏன் வேறுவேறாக ஆயின என்பதை ஒரு கணக்கை வைத்துப் பார்த்தால், எந்த வழி உங்களுக்குச் சரிப்படும் என்பதும் தெரிந்துவிடும்.

கணக்குக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். ஏழு சென்ட். ஐந்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவு. மலையில் இதை நல்ல மனை என்றுதான் சொல்வார்கள். வீடு சரிவின் போக்கில் 10 மீட்டர், குறுக்கே 12 மீட்டர், அதாவது சுமார் 1,290 சதுர அடி, தரைத்தளம் மட்டும். மேட்டு ஓரத்துக்கும் பள்ளத்து ஓரத்துக்கும் வித்தியாசம் 2 மீட்டர்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டி இறுக்கிய மண் தரையைத் தாங்கட்டும், முற்றத்தைத் தாங்கட்டும், கார் நிறுத்தும் இடத்தைத் தாங்கட்டும். வீட்டின் பாரம் அதைத் தாண்டி அசல் தரைக்குப் போக வேண்டும். இதற்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் அந்த விதிவிலக்குக்குத் தேவையான வேலையைச் சொந்த வீடு கட்டும் இடத்தில் யாரும் செய்வதில்லை.

மண்ணின் எடையே ஒரு வீட்டின் எடை

நம் எடுத்துக்காட்டில் முழு வீட்டையும் மேட்டு மட்டத்துக்குத் தூக்க எவ்வளவு மண் வேண்டும்? முக்கோண வெட்டு: பாதி, பெருக்கல் 10, பெருக்கல் 2, பெருக்கல் 12. ஆக 120 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் 42 யூனிட் சொச்சம். அதுவும் இறுக்கிய பிறகான அளவு. தளர்வாக வந்து இறங்கும்போது கால் பங்காவது கூடுதலாக வேண்டும்.

நன்றாக இறுக்கிய மண் ஒரு கன மீட்டர் 1.8 டன் இருக்கும். அப்படியானால் 120 கன மீட்டர் 216 டன். சுவர், கூரை எல்லாம் சேர்த்து ஒரு தள வீடு சதுர மீட்டருக்குத் தோராயமாக 1 முதல் 1.5 டன், அதாவது மொத்தம் 120 முதல் 180 டன். வீடு வருவதற்கு முன்னாலேயே வீட்டைவிடக் கனமான ஒன்றை அந்தச் சரிவில் ஏற்றி வைத்துவிட்டோம். பள்ளத்து ஓரத்தில் மட்டும் பார்த்தால் சதுர மீட்டருக்கு 3.6 டன். "சின்ன வீடுதானே, மண் தாங்கிடும்" என்று சொல்பவர்கள் வீட்டை மட்டும்தான் எடை போடுகிறார்கள். கீழே இருக்கும் அசல் தரை மண்ணின் எடைக்கே கொஞ்சம் அமுங்கும். சரிவு ஏற்கெனவே நிலையில்லாததாக இருந்தால் இந்த 216 டன் அதைத் தள்ளிவிடவும் கூடும்.

அடுத்தது, கொட்டிய மண் தன் எடையிலேயே எவ்வளவு இறங்கும் என்பது. முறையாக இறுக்கிய மண் தன் உயரத்தில் அரை சதவீதம் போல இறங்கும். லாரியிலிருந்து கொட்டிப் பரப்பி மட்டும் விட்ட மண் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ இறங்கும். 2 மீட்டர் உயரத்துக்கு முதலாவது 1 சென்டிமீட்டர், இரண்டாவது 10 சென்டிமீட்டர்.

ஒட்டுமொத்தமாக இறங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சரிவில் நிரப்பிய மண் ஆப்பு வடிவம். மேட்டுப் பக்கம் பூஜ்யம், பள்ளத்துப் பக்கம் 2 மீட்டர். ஆகவே இறக்கமும் அப்படியே ஒருபக்கமாக இருக்கும். 10 மீட்டர் நீளத்தில் 10 சென்டிமீட்டர் என்றால் நூறில் ஒன்று. செங்கல் சுவரில் விரிசல் விழத் தொடங்கும் எல்லை சுமார் முந்நூறில் ஒன்று என்றும், கட்டமைப்பே அடிபடும் எல்லை நூற்றைம்பதில் ஒன்று என்றும் பொறியாளர்கள் 1950களிலிருந்து கையாண்டு வருகிறார்கள். நூறில் ஒன்று இரண்டையும் தாண்டிவிட்டது. இறுக்கிய மண்ணில் ஆயிரத்தில் ஒன்று, அது பரவாயில்லை. ஒரே மனை, ஒரே வீடு. இறுக்கியதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இறுக்குவது என்றால் என்ன

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் நிற்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1933இல் கலிபோர்னியாவில் அணை கட்டும் வேலையில் இருந்த ரால்ஃப் பிராக்டர் ஒரு எளிய விஷயத்தை முறைப்படுத்தினார். ஒரே அடி, ஒரே மண், ஆனால் ஈரம் மட்டும் மாறினால் இறுக்கம் மாறுகிறது. ரொம்பக் காய்ந்திருந்தால் மண் கட்டிகள் ஒன்றோடொன்று சேராது. ரொம்ப ஈரமாக இருந்தால் இடைவெளியில் தண்ணீர் நின்றுகொண்டு மண்ணை நெருங்க விடாது. நடுவில் ஓர் ஈரப்பதத்தில்தான் இறுக்கம் உச்சத்துக்குப் போகும். அந்த உச்ச அடர்த்தியை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதுதான் பிராக்டர் சோதனை. நம் ஊரில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2720இன் ஏழாம் பகுதி அதைச் சொல்கிறது: 2.6 கிலோ சுத்தியல், 31 சென்டிமீட்டர் உயரம், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 அடி. களத்தில் இறுக்கிய ஒவ்வொரு அடுக்கும் அந்த உச்சத்தில் 95 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரளை கலந்த மண்ணுக்கு மணல் ஊற்றி அளக்கும் முறை, களிமண் பாங்கானதற்கு உருளை அடித்து எடுக்கும் கோர் கட்டர் முறை. மண்ணை ஒரு சாக்கில் கட்டி ஏதாவது பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கொடுத்தால் சோதித்துத் தந்துவிடுவார்கள். வீட்டுச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் பணம் ஒரு பொருட்டே இல்லை.

அடுக்கு என்பது 15 சென்டிமீட்டர், மிஞ்சினால் 20. அப்படியானால் 2 மீட்டருக்குக் குறைந்தது பத்து அடுக்கு. ஒவ்வொன்றையும் பரப்பி, ஈரம் பார்த்து, அடித்து, சோதித்து, பிறகுதான் அடுத்தது. மலைச் சிவப்பு மண் களிமண் பாங்கானது என்பதால் அதற்குக் குதித்து அடிக்கும் ரேமர் வேண்டும். அதிர்ந்துகொண்டே நகரும் பிளேட் காம்பாக்டர் சரளைக்கும் மணலுக்கும்தான் பயன்படும். திமிசுக் கட்டையால் ஆட்கள் அடிப்பது ஓரங்களுக்கு உதவும், முழுப் பரப்புக்குக் காணாது.

இதற்குப் பதிலாக நடப்பது என்ன? மூன்று நான்கு அடிக்கு ஒரேயடியாகக் கொட்டி, ஜேசிபியை மேலே இரண்டு தடவை ஓட்டுவார்கள். மேலே ஒரு சாண் இறுகும், அடியில் அப்படியே தளர்வாக இருக்கும். பொக்லைன் அதற்கும் உதவாது. சேற்றில் புதையாமல் போகத்தான் அதற்குச் சங்கிலிப் பட்டை, தன் பாரத்தைப் பரத்திவிடுவதே அதன் வேலை. அப்புறம் "தண்ணி கட்டி விடலாம், இறங்கிடும்" என்பார்கள். பேஸ்மென்டுக்குள் ஆற்று மணல் நிரப்பிய காலத்தில் வந்த பழக்கம் இது. மணலுக்கு ஓரளவு சரி. சிவப்பு மண்ணில் தண்ணீர் கட்டினால் தளர்ந்த மண் கொஞ்சம் சரிந்து உட்காரும், ஆனால் இறுகாது, சேறாக நிற்கும். அந்த நேரத்தில் புதிதாகக் கட்டிய தாங்குசுவர் மேல் முழு நீர் அழுத்தமும் விழும்.

"ரெண்டு மழை பார்த்துட்டு கட்டினா போதும்" என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. காய்ந்த நிலையில் கொட்டிய மண் முதல் தடவை நன்றாக நனையும்போது சட்டென்று இறங்கும். வீட்டுக்கு முன்னால் அந்த இறக்கம் நடந்துவிட்டால் நல்லதுதான். ஆனால் எந்த ஆழம்வரை நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. அடியில் காய்ந்தே இருந்த பகுதி, ஐந்து வருடம் கழித்துக் குளியலறைக் குழாய் கசியும்போது முதல் தடவையாக நனையும்.

இறுக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. புல், வேர், கருப்பு மேல்மண் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, சரிவைப் படிப்படியாகச் சமதளமாக வெட்டிக்கொண்டு அதன்மேல்தான் நிரப்ப வேண்டும். ஐந்துக்கு ஒன்றைவிடச் செங்குத்தான சரிவில் இது கட்டாயம். நம் மனை சரியாக அந்த எல்லையில் இருக்கிறது. வழிக்காமல், வெட்டாமல் கொட்டினால் புதைந்த புல்லும் மேல்மண்ணும் அழுகி வழுக்குப் பாதையாகிவிடும். அப்போது மண் எவ்வளவு இறுகியிருந்தாலும் மொத்தமாக நகரும்.

முழு நிரப்பும் தாங்குசுவரும்

இப்போது வழிகளுக்கு வருவோம். முதலாவது, மேஸ்திரி சொன்னது. பள்ளத்தில் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, அதன்மேல் அஸ்திவாரம்.

சுவர் இல்லாமல் மண்ணைச் சரித்து விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இரண்டுக்கு ஒன்று சரிவில் மண்ணை விட்டால், நம் மனையில் அந்த மண் கால் ஊன்ற வீட்டு ஓரத்திலிருந்து 6.7 மீட்டர் வேண்டும். மனையின் சரிவு மூன்றுக்கு ஒன்றாக இருந்தால், அதே 2 மீட்டர் உயரத்துக்கே 12 மீட்டர். ஏழு சென்டில் அதற்கு இடம் எங்கே? ஆகவே சுவர்தான்.

2 மீட்டர் மண் ஒரு சுவரை மீட்டருக்குச் சுமார் 1.2 டன் தள்ளும். பின்னால் தண்ணீர் நிரம்பி நின்றால் அதே சுவரில் 2.5 டன். ஆக, தாங்குசுவர் விழுவதற்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம். நீலகிரியில் இதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழையின் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 91 சென்டிமீட்டர். சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி வடிகட்டி, ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒரு வடிகுழாய், மேட்டில் மழைநீரை மறித்துத் திருப்பும் வாய்க்கால் இல்லாமல் கட்டிய சுவர் இந்த மழைக்கு நிற்காது.

உயரம் கூடினால் தள்ளும் விசை அதன் வர்க்கத்தில் கூடும். 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் என்றால் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டே கால் மடங்கு. அதற்கு மேல் வீட்டின் பாரம். சுவருக்குப் பக்கத்திலேயே வீட்டின் ஃபூட்டிங் (பாரத்தைத் தரையில் இறக்கும் அஸ்திவார அடிப்பாகம்) உட்கார்ந்தால் அதுவும் சேர்ந்து சுவரைத் தள்ளும். இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது இதுதான். வீடு மண்ணை நம்பி, மண் சுவரை நம்பி, சுவர் வடிகுழாய் அடைக்காமல் இருப்பதை நம்பி நிற்கிறது. பத்து வருடம் கழித்து அந்தக் குழாயைக் குத்திச் சுத்தம் செய்ய யாருக்கு ஞாபகம் இருக்கும்?

செலவும் குறைவில்லை. 2 மீட்டர் கருங்கல் சுவருக்கு அடியில் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். 12 மீட்டர் நீளத்துக்கு மட்டும் சுமார் 20 கன மீட்டர் கல்கட்டு. இரு பக்கவாட்டுச் சுவர்கள் தனி.

ராஃப்ட், அதாவது வீட்டுக்கு அடி முழுக்க ஒரே கான்கிரீட் பலகையாக அஸ்திவாரம் போட்டால் பிரச்சினை தீராதா? ராஃப்ட் சின்னச் சின்னப் பள்ளங்களைத் தாண்டி நிற்கும், விரிசலையும் குறைக்கும். ஆனால் ஆப்பு வடிவ மண் இறங்கினால் ராஃப்டும் மொத்தமாகச் சாயும். மண் சரியாக இறுகியிருந்தால் ராஃப்ட் நல்ல தேர்வு. இறுகவில்லை என்பதை ஈடுகட்டத்தான் ராஃப்ட் என்றால், கம்பிக்குக் கொடுத்த பணம் வீண்.

பாதி வெட்டு, பாதி நிரப்பு

பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதைத்தான். மேட்டுப் பாதியை ஒரு மீட்டர் வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்துப் பாதியில் போடுவது. வெட்டு 30 கன மீட்டர், நிரப்பும் 30 கன மீட்டர். லாரி தேவையில்லை, சுவர் உயரமும் பாதி. நீலகிரியில் பொக்லைன் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதால் மண் வேலை குறைவது பெரிய நிம்மதிதான்.

ஆனால் விரிசல் கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இப்போது நிரப்பின் உயரம் 1 மீட்டர்தான், தளர்ந்த மண் 5 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆனால் அந்த இறக்கம் 5 மீட்டர் நீளத்துக்குள் நடக்கிறது. மறுபடியும் நூறில் ஒன்று. வேலை பாதியானது, சாய்வு மாறவே இல்லை. போதாக்குறைக்கு, மேட்டுப் பாதி வெட்டிய கெட்டி மண்ணில் அசையாமல் நிற்கும். பள்ளத்துப் பாதி மட்டும் இறங்கும். வீடு நடுவில் மடங்கும். வெட்டும் நிரப்பும் சந்திக்கும் கோட்டுக்கு நேர் மேலே ஹாலின் சுவர் பிளந்திருப்பதைப் பார்த்தால் காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த வழியையே எடுப்பதென்றால் ஒரு மருந்து உண்டு. வெட்டிய பக்கத்திலும் இன்னொரு மீட்டர் ஆழம் தோண்டி, அதையும் அதே மண்ணால் அதே மாதிரி இறுக்கி நிரப்புவது. வீடு முழுவதும் நிரப்பு மண்ணில் உட்கார்ந்தால் மடிப்பு மறையும். தோண்டிய நல்ல தரையை மறுபடி நிரப்பச் சொன்னால் ஒப்பந்தக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

வெட்டும் பக்கத்தையும் மறக்கக் கூடாது. மலைச் செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அழகாக நிற்கும். அதுதான் ஆபத்து. நனைந்ததும் பிடிப்பு போய்விடும். 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில் வீடு கட்ட மண் வெட்டிய இடத்தில் மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். வெட்டிய முகத்துக்குச் சுவர் எழும்பும்வரை அதன் அடியில் ஆள் நிற்கக் கூடாது. வேலை கோடையில் முடிய வேண்டும்.

நிரப்புக்குள் ஊடுருவும் பில்லர்

நான் பரிந்துரைப்பது இதை. அசல் தரையில், மேல்மண்ணுக்குக் கீழே கெட்டி மண் வரும் ஆழத்தில் ஃபூட்டிங். அங்கிருந்து பில்லர் எழுப்பி, தரை மட்டத்தில் பிளிந்த் பீமால், அதாவது கிடையான கான்கிரீட் விட்டத்தால், எல்லாவற்றையும் கட்டிவிடுவது. சுவர்கள் பீம் மேல் நிற்கும். சுற்றிலும் நிரப்பிய மண் தரையை மட்டும் தாங்கும்.

"செலவு எகிறிடும்" என்ற பேச்சைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டு பில்லர், ஒவ்வொன்றும் 23க்கு 30 சென்டிமீட்டர், நிரப்பின் சராசரி உயரம் ஒரு மீட்டர். கூடுதல் கான்கிரீட் 0.83 கன மீட்டர். ஒரு கன மீட்டர்கூட இல்லை. கம்பியும் பலகையும் சேர்த்தாலும், பள்ளத்துப் பக்கம் நடுவில் ஒரு இணைப்பு பீம் சேர்த்தாலும், 20 கன மீட்டர் கல்கட்டோடு ஒப்பிட முடியாது. சுவர் இந்த வழியிலும் வேண்டும்தான், முற்றத்து மண்ணைப் பிடிக்க. ஆனால் அது என்றாவது அசைந்தால் முற்றம்தான் போகும், வீடு போகாது.

சரிவில் ஃபூட்டிங்குகள் வேறுவேறு மட்டத்தில் வரும். ஐ.எஸ். 1904 இதற்கு இரண்டு விதி வைத்திருக்கிறது. அடுத்தடுத்த இரு ஃபூட்டிங்கின் அடி ஓரங்களை இணைக்கும் கோடு, இரண்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஃபூட்டிங்கின் கீழ் ஓரத்திலிருந்து சரிவின் முகம்வரை கிடைமட்டமாக மண்ணில் 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், பாறை என்றால் 60. பள்ளத்து ஓரத்து ஃபூட்டிங்கைக் கொஞ்சம் ஆழமாக எடுத்தால் இரண்டும் தானாகவே வந்துவிடும்.

வேலையின் வரிசையும் முக்கியம். ஃபூட்டிங், பில்லர் தண்டு, சுவர், பிறகு மண். முதலில் மண் அடித்துவிட்டு அதற்குள் குழி தோண்டினால் இரட்டைச் செலவு, தளர்ந்த மண்ணில் ஆள் இறங்கும் ஆபத்து வேறு. மண் போடும்போது பில்லரின் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் லாரியைக் கவிழ்த்தால் புதிதாக வார்த்த பில்லர் சாய்ந்துவிடும்.

குறையே இல்லையா? உண்டு. மண் இறங்கினால் வீடு நிற்கும், தரை இறங்கும். டைல்ஸுக்கு அடியில் தட்டினால் பொத்தென்று சத்தம் வரும், சுவரோரம் இடைவெளி விழும். எனவே தரைக்குக் கீழே இருக்கும் மண்ணையும் அடுக்கடுக்காக இறுக்கத்தான் வேண்டும், ஆனால் தவறினால் நஷ்டம் டைல்ஸோடு போகும். பள்ளத்துப் பக்க அறைகளுக்கு மட்டும் மண்ணை நம்பாமல் பீமிலிருந்து பீமுக்குத் தளக் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. நிரப்பு மூன்று மீட்டரைத் தாண்டினால் குழி ஃபூட்டிங்கை விட்டுவிட்டுத் துளையிட்டு இறக்கும் பைலுக்குப் போவது நல்லது. அவ்வளவு உயரத்தில் இறங்கும் மண் பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும், அந்தப் பாரத்தையும் வடிவமைப்பாளர் சேர்க்க வேண்டும்.

மண்ணே இல்லாமல்: ஸ்டில்ட்டும் படிவீடும்

மண் அடிக்காமல் பில்லரை அப்படியே நிறுத்தி, கீழே காலியாக விட்டால்? இதைத்தான் ஸ்டில்ட் என்பார்கள். மழைநீருக்குத் தடையில்லை, சரிவுக்குப் பாரமில்லை. செங்குத்தான மனைக்கு இதுதான் இயல்பான விடை. பிரச்சினை நிலநடுக்கத்தில். மேட்டுப் பக்கம் பில்லர் குட்டை, பள்ளத்துப் பக்கம் நெட்டை. ஒரு பில்லரின் விறைப்பு உயரத்தின் மும்மடிக்கு எதிர்மாறாகப் போகும். ஒன்றரை மீட்டர் பில்லர் மூன்று மீட்டர் பில்லரைவிட எட்டு மடங்கு விறைப்பு, ஆகவே ஆட்டத்தின் பெரும்பங்கை அதுவே வாங்கி உடையும். 2011 செப்டம்பர் சிக்கிம் நிலநடுக்கத்தில் சரிவில் நின்ற கட்டடங்களில் இதைப் பார்த்தார்கள். நம் பக்கம் அதெல்லாம் வராது என்று நினைப்பவர்களுக்கு: 1900இல் கோயம்புத்தூரையே ஒரு நிலநடுக்கம் ஆட்டியிருக்கிறது. ஸ்டில்ட் எடுத்தால் குறுக்குச் சுவரோ இணைப்பு பீமோ சேர்த்து அதற்கென்றே வடிவமைக்க வேண்டும். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் கட்டுப்பாடு இருப்பதால், உயரத்தை எங்கிருந்து அளப்பார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிவீடு என்பது வீட்டையே இரண்டு மட்டமாக உடைப்பது. மேலே ஹால், சமையல்; ஒரு மீட்டர் கீழே படுக்கை அறைகள், நடுவில் ஆறு படி. வெட்டு 30லிருந்து 15 கன மீட்டராகக் குறையும், நிரப்பு எங்கும் அரை மீட்டரைத் தாண்டாது. அரை மீட்டர் என்றால் ஃபூட்டிங் தானாகவே அதைத் தாண்டி அசல் தரைக்குப் போய்விடும். மண்ணைப் பொறுத்தவரை இதைவிடச் சுத்தமான விடை இல்லை. முட்டி வலி உள்ள அப்பா அம்மாவோடு இருக்கப்போகிறவருக்கு மட்டும் அந்த ஆறு படி தினசரித் தொல்லை. சரிவு நாலுக்கு ஒன்றைத் தாண்டினால் நான் பில்லர் வழியைக்கூட விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே லெவல் பண்ணிய மனை

இதுவரை சொன்னதெல்லாம் மனை சரிவாகவே கைக்கு வந்தால். பழைய தேயிலைத் தோட்டத்தைப் பிரித்து, "லெவல் பண்ணி ரெடியா இருக்கு" என்று விற்கும் மனையில் கதை வேறு. அங்கே மண் யார், எப்போது, எப்படிப் போட்டார்கள் என்பதற்கு எந்தக் காகிதமும் இருக்காது. அதைத் தளர்ந்த மண் என்றே வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பள்ளத்து ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று குழி எடுங்கள். அசல் மண்ணில் நிறம் மெதுவாக மாறிக்கொண்டே போகும். கொட்டிய மண்ணில் சிவப்பும் மஞ்சளும் கருப்பும் திட்டுத் திட்டாகக் கலந்து கிடக்கும். நடுவே செங்கல் துண்டு, பிளாஸ்டிக், தேயிலைச் செடியின் தூர். அடியில் ஒரு கருப்புப் பட்டை வந்தால் அதுதான் பழைய மேல்மண், அதைக்கூட வழிக்காமல் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழி ஆளுயரத்துக்குக் கீழே போகும் என்றால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறக்காதீர்கள், துளையிடும் சோதனைக்குப் போய்விடுங்கள். மனையின் ஓரத்து மரங்கள், கம்பங்கள் பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் அந்த மனை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அஸ்திவாரத் தேர்வு எதுவும் விடையாகாது, வேறு மனை பார்க்க வேண்டியதுதான்.

எப்போது மண்மேலேயே கட்டலாம்

நெடுஞ்சாலைகளும் பெரிய தொழிற்சாலைகளும் இறுக்கிய மண்மேல்தான் நிற்கின்றன. மண் கெட்டது என்பதல்ல வாதம். ரோலர் வந்து போக இடம் இருந்து, நிரப்பின் கனம் வீடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்து, ஒவ்வொரு அடுக்குக்கும் சோதனைத் தாள் கையில் வந்து, அதைப் பார்த்து வடிவமைத்த பொறியாளர் கையெழுத்தும் போட்டால், மண்மேல் ராஃப்ட் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு லேஅவுட்டில் பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து கட்டும்போது அது கட்டுப்படியாகும். தனி வீட்டுக்கு அரிது.

எந்த வழி என்றாலும் செப்டிக் டேங்கையும் உறிஞ்சுகுழியையும் நிரப்பு மண்ணில் வைக்காதீர்கள். தினமும் சில நூறு லிட்டர் தண்ணீரைத் தாங்குசுவருக்குப் பின்னால் ஊற்றுவதற்குச் சமம் அது. உறிஞ்சுகுழி சுவரைத் தாண்டி, பள்ளத்தில், அசல் தரையில் இருக்கட்டும். கூரைத் தண்ணீரும் குழாயில் அங்கே போய் விழட்டும். ஒப்பந்தத்தில் மண் வேலைக்கான பணத்தை லோடு கணக்கில் எழுதாமல் அடுக்குக் கணக்கில் எழுதுங்கள்: ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் சோதனை முடிவு வந்த பிறகு அந்த அடுக்குக்கான பணம். எந்த ஒப்பந்தக்காரரும் முதலில் முகம் சுளிப்பார். ரேமரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருகிறவர் யார், ஜேசிபியை மேலே ஓட்டினால் போதும் என்பவர் யார் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.